மஞ்சள் கைகாட்டியின் வரலாறு

மலை என்றதும் மனத்தில் இருவகை உணர்ச்சிகள் எழுகின்றன. ஒன்று அச்சம், மற்றொன்று ஆசை. வானை முட்டும் கொடுமுடியும், வழுக்கும் பாறையும், அடிகாணாத பள்ளமும் அச்சத்தைத் தருவன. குளிர்ந்த காற்றும், தெளிந்த சுனையும், பசும்புல் மூடிய சரிவும் ஆசையைத் தருவன. அச்சத்தை வென்று கொடுமுடி ஏறிய வீரர்களைப் பற்றி நூல்கள் பல உள்ளன. ஆனால் ஆறு வயதுக் குழந்தையும் அறுபது வயதுப் பாட்டியும் கைகோத்து நடக்கத்தக்க எளிய மலைப்பாதைகள் எவ்வாறு தோன்றின என்பதைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே. கொடுமுடியில் முதலில் கால் வைத்தவனின் பெயர் கல்லில் பொறிக்கப்படுகிறது. பல்லாயிரவர் கால் வைக்கப் பாதை அமைத்தவனின் பெயரோ காற்றோடு போய்விடுகிறது.

அந்தப் பாதைகளின் வரலாற்றையே இன்று காண்போம். இதற்குத் தக்க எடுத்துக்காட்டு சுவிட்சர்லாந்து நாடு. பரப்பளவில் அது தமிழ்நாட்டில் மூன்றில் ஒரு பங்குதான். 41,285 சதுரக் கிலோமீட்டர். ஆயினும் அச்சிறு நாட்டில் அடையாளம் இடப்பட்ட நடைபாதைகளின் மொத்த நீளம் 65,000 கிலோமீட்டருக்கும் மேற்பட்டது. நிலவுலகை நடுவில் ஒருமுறை சுற்றினால் 40,000 கிலோமீட்டர். ஆகவே, அந்நாட்டின் நடைபாதைகளை ஒன்றன்பின் ஒன்றாக நீட்டி வைத்தால் உலகை ஒன்றரை முறை சுற்றிவிடலாம். அவற்றுள் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, தனிப்பயிற்சி எதுவும் இன்றி எவரும் நடக்கத்தக்க எளிய பாதைகள். இவ்வளவும் இயற்கை தந்த கொடையா? இல்லை. கேட்டும், வாதாடியும், வாக்களித்தும் மக்கள் பெற்ற உரிமை அது.

ஒரு காலத்தில் அந்நாட்டு மக்களே தம் மலைகளைக் கண்டு நடுங்கினார்கள். லூசெர்ன் நகரை அடுத்து நிற்கும் பிலாத்து மலையைப் பற்றி ஒரு கதை வழங்கியது. ஏசுநாதருக்குச் சாவுத் தண்டனை விதித்த பொந்தியு பிலாத்துவின் ஆவி, அம்மலையில் உள்ள ஒரு சிறு குளத்தில் அடைபட்டுக் கிடக்கிறது என்றும், எவரேனும் அதன் அமைதியைக் கெடுத்தால் இடியும் மழையும் புயலும் ஊரை அழித்துவிடும் என்றும் மக்கள் நம்பினர். நகர ஆட்சியினர் மலையேறுவதைத் தடை செய்தனர். 1387ஆம் ஆண்டில், தடையை மீறி ஏற முயன்ற ஆறு சமயக் குருமார் சிறையில் இடப்பட்டனர். மலைமீது நடந்ததற்குச் சிறை! இன்று கேட்கும்போது நகைப்பாக இருக்கிறது. அன்று அது சட்டம்.

இந்த அச்சத்தை முதலில் அசைத்தவர்களுள் ஒருவர் சூரிச் நகரத்து அறிஞர் கொன்ராத் கெஸ்னர். மருத்துவராகவும் செடிகொடிகளை ஆராய்ந்தவராகவும் விளங்கிய அவர், 1541ஆம் ஆண்டில் நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், உயிருள்ள வரையில் ஆண்டுதோறும் பூப்பூக்கும் பருவத்தில் ஒரு மலையேனும் ஏறுவதென்று உறுதி பூண்டிருப்பதாகத் தெரிவித்தார். செடிகளைக் காண்பது ஒரு நோக்கம். உடலுக்குப் பயிற்சியும் உள்ளத்துக்கு இன்பமும் பெறுவது மற்றொன்று. 1555ஆம் ஆண்டில் நகர ஆட்சியினரின் இசைவு பெற்று அவர் பிலாத்து மலையிலேயே ஏறினார். அதற்கு முப்பது ஆண்டுகள் கழித்து, 1585இல், லூசெர்ன் நகரத்துப் பங்குக் குரு யோகன்னஸ் முல்லர் ஊர் மக்கள் சிலரை உடன் அழைத்துக்கொண்டு குளக்கரைக்குச் சென்று, நீரில் கற்களை எறிந்தார். ஆவியை வெளியே வரும்படி அறைகூவினார். குளம் அசையவில்லை; இடி இடிக்கவில்லை. பல நூற்றாண்டு அச்சம் சில கற்களில் கரைந்தது.

அச்சம் போன இடத்தில் அன்பு குடிபுக மேலும் ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று. பெர்ன் நகரத்து ஆல்பிரெக்ட் ஃபொன் ஹாலர் என்னும் அறிஞர் ஆல்ப்ஸ் மலைகளைப் பற்றிய நெடும்பாட்டு ஒன்றை 1732இல் வெளியிட்டார். செனீவாவில் பிறந்த ரூசோ 1761இல் வெளியிட்ட புதினத்தில் மலையடிவார வாழ்க்கையைப் போற்றினார். இவற்றைப் படித்த ஐரோப்பியர் மலையைக் காணப் புறப்பட்டனர். ஆனால் வந்தவர்களுள் பெரும்பாலோர் செல்வர்கள். பல்லக்கிலும் கோவேறு கழுதையிலும் சென்றவர்கள். உழைக்கும் மக்களின் பிள்ளைகள் மலையில் நடந்தது ஆடு மாடு மேய்ப்பதற்காகவே, இன்பத்துக்காக அன்று.

பிள்ளைகளையும் மலைநடையையும் ஒன்று சேர்த்தவர்களுள் ரொடோல்ஃப் தோப்ஃபெர் என்னும் செனீவா நகர ஆசிரியர் சிறப்பாகக் குறிப்பிடத்தக்கவர். அவர் 1799இல் பிறந்தவர்; மாணவர் விடுதியோடு கூடிய ஒரு பள்ளியை நடத்தியவர். ஆண்டுதோறும் விடுமுறையில் தம் மாணவர்களை அழைத்துக்கொண்டு ஆல்ப்ஸ் மலைகளில் பல நாள் கால்நடையாகப் பயணம் செய்தார். நேர்வழியே செல்லாமல் வளைந்து வளைந்து சென்ற அந்தப் பயணங்களைத் தாமே வரைந்த படங்களோடு எழுதி, 1844இல் நூலாக வெளியிட்டார். படக்கதை என்னும் கலைக்குத் தந்தை என்று இன்று போற்றப்படுபவரும் அவரே. வகுப்பறையின் நான்கு சுவர்களுக்குள் கிடைக்காத கல்வி மலைப்பாதையில் கிடைக்கும் என்பதை அவர் நடந்தே காட்டினார். ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து வெளியே செல்லும் பள்ளிப் பயணம், பின்னாளில் அந்நாட்டுப் பள்ளிகளில் ஊன்றிய வழக்கமாயிற்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் உலகத்தின் கண் வேறொரு பக்கம் திரும்பியது. ஆங்கிலேயர் 1857இல் இலண்டனில் மலையேறுவோர் கழகம் ஒன்றை அமைத்தனர். சுவிசு மக்கள் 1863இல் தமக்கென ஒரு கழகம் கண்டனர். ஏறாத கொடுமுடி எது, அதை முதலில் ஏறுபவர் யார் என்பதே பேச்சாயிற்று. 1865ஆம் ஆண்டு சூலை 14ஆம் நாள், மேட்டர்ஹார்ன் கொடுமுடியை முதன்முதலாக எழுவர் எட்டினர். இறங்கும்போது ஒருவர் கால் தவறினார், கயிறு அறுந்தது, நால்வர் மாண்டனர். அவர்களுள் ஒருவர் பத்தொன்பது வயது இளைஞர். வெற்றிச் செய்தியும் சாவுச் செய்தியும் ஒன்றாகவே உலகை எட்டின. மலை என்றால் உயிரைப் பணயம் வைக்கும் வீரர்களுக்கே உரியது என்ற எண்ணம் இதனால் மேலும் வலுத்தது.

வீரராகவும் இல்லாமல், பெருஞ்செல்வராகவும் இல்லாமல் மலையைக் காண விரும்பியவர்க்கு வழி என்ன? அதே 1863இல் தாமஸ் குக் என்னும் ஆங்கிலேயர் நடுத்தர மக்களை ஒரு குழுவாகச் சுவிட்சர்லாந்துக்கு அழைத்து வந்தார். 1871இல் ரிகி மலைமீது ஐரோப்பாவின் முதல் பற்சக்கர மலை இரயில் ஓடத் தொடங்கியது. இவை மலையை மக்களுக்கு அருகில் கொண்டுவந்தன. எனினும், இரயில் பெட்டியிலிருந்து சன்னல் வழியே மலையைப் பார்ப்பது வேறு. தன் காலால் அதன்மீது நடப்பது வேறு. நடப்பதற்குப் பாதை வேண்டும்.

பாதைகள் இல்லாமற் போகவில்லை. பல நூற்றாண்டுகளாக மேய்ப்பர்களும், உப்பும் பாலாடைக்கட்டியும் சுமந்த வணிகர்களும், திருத்தலம் நோக்கிச் சென்ற அடியார்களும் நடந்து நடந்து தேய்த்த வழிகள் இருந்தன. ஆனால் இருபதாம் நூற்றாண்டு பிறந்ததும் அவற்றுக்கு ஒரு புதிய போட்டி வந்தது. அதுதான் மோட்டார் வண்டி.

மோட்டார் வண்டியை மலைநாட்டு மக்கள் உடனே வரவேற்கவில்லை என்பது பலரும் அறியாத செய்தி. கிராபுண்டென் என்னும் மாநிலம் 1900ஆம் ஆண்டிலேயே தன் சாலைகளில் மோட்டார் வண்டிகள் ஓடக்கூடாதென்று தடை விதித்தது. தடையை நீக்கலாமா என்று மக்களிடம் மீண்டும் மீண்டும் வாக்கு கேட்கப்பட்டது. பத்தாவது முறையாக நடந்த வாக்கெடுப்பில், 1925ஆம் ஆண்டில்தான், மக்கள் வண்டிகளை உள்ளே விட்டனர். கால்நூற்றாண்டுக் காலம் ஒரு மாநிலமே வண்டிகளுக்குக் கதவடைத்திருந்தது! மலைச்சாலை குறுகியது, குதிரை வெருளும், புழுதி பறக்கும், குழந்தைகள் தெருவில் நடக்க இயலாது என்பன அவர்கள் கூறிய காரணங்கள்.

மற்ற மாநிலங்களில் நிலைமை வேறு. ஊரி மாநிலத்தையும் கிளாருசு மாநிலத்தையும் இணைக்கும் கிளவுசன் கணவாய் 1,948 மீட்டர் உயரத்தில் உள்ளது. அதன் வழியே செல்லும் சாலையில் 1922 முதல் 1934 வரை புகழ்பெற்ற மோட்டார்ப் பந்தயங்கள் நடந்தன. 21.5 கிலோமீட்டர் தொலைவில் 136 வளைவுகள்! முன்பு மாட்டு மந்தையும் வழிப்போக்கரும் சென்ற கணவாயில் இப்பொழுது இயந்திரங்கள் சீறிப் பாய்ந்தன.

1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் அதே கிளவுசன் கணவாய் வழியே ஓர் ஆசிரியர் தம் வகுப்புப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு நடந்து சென்றார். அவர் பெயர் யோகான் யாக்கோபு எஸ். சூரிச் ஏரிக்கரையில் உள்ள மைலன் என்னும் ஊரில் பணியாற்றியவர். மலைக்காற்றை நுகர வந்த பிள்ளைகள் நுகர்ந்தது புகையும் புழுதியுமே. வண்டி வரும்போதெல்லாம் சாலையோரம் ஒதுங்கி நிற்பதே அவர்கள் செய்த பயணமாயிற்று. தோப்ஃபெர் காலத்தில் சாலை நடப்பவனுக்கு உரியதாக இருந்தது. நூறு ஆண்டுகளுக்குள் அவன் அங்கே வழிமறிப்பவனாகிவிட்டான்.

இந்நிலையில் இரண்டு வழிகள் இருந்தன. வண்டிகளைத் தடுப்பது ஒரு வழி. அது இயலாதென்பதைக் கிராபுண்டென் மாநிலத்தின் வரலாறே காட்டிவிட்டது. நடப்பவர்க்கென்று தனிவழி காண்பது மற்றொன்று. எஸ் இரண்டாவது வழியைத் தேர்ந்தார். புதிதாகப் பாதை வெட்டுவதற்கு அவரிடம் பணம் இல்லை. அதற்குத் தேவையும் இல்லை. காட்டு வழி, வயல் வரப்பு, மேய்ச்சல் தடம், பழைய வணிகர் வழி ஆகியன ஆங்காங்கே துண்டு துண்டாகக் கிடந்தன. அவற்றை ஒன்றோடொன்று இணைத்து, புதிதாக வருபவனும் வழி தவறாமல் செல்லும்படி ஒரே வகையான அடையாளம் இட்டால் போதும் என்று அவர் கண்டார். உள்ளூர்ச் சங்கங்களும் விடுதிக்காரர்களும் தத்தம் விருப்பப்படி பல நிறங்களில் பலகைகள் நட்டிருந்தனர். ஓர் ஊரின் எல்லையைத் தாண்டினால் அடையாளமும் மாறிவிடும். அந்தக் குழப்பத்தை நீக்குவதே முதல் வேலையாயிற்று.

இளைஞர் நலனுக்காக உழைத்த நிறுவனம் ஒன்றில் பணியாற்றிய ஓட்டோ பிண்டர் என்பவர் அவருக்குத் துணையானார். 1933ஆம் ஆண்டில் சூரிச் மாநிலத்தில் நடைபாதைகளுக்கென ஒரு சங்கம் தோன்றியது. அடுத்த ஆண்டே, 1934இல், நாடு முழுவதற்குமான சங்கம் அமைந்தது. கைகாட்டி எந்நிறத்தில் இருக்கவேண்டும் என்பதும் முடிவாயிற்று. மஞ்சள் நிறப் பலகை. அதன்மீது கறுப்பு எழுத்து. பச்சைக் காட்டிலும், வெண்பனியிலும், மூடுபனியிலும் கண்ணில் படும் நிறம் அது.

அந்தக் கைகாட்டியில் ஒரு நுட்பம் உண்டு. அடுத்த ஊர் எத்தனை கிலோமீட்டர் என்று அது கூறுவதில்லை. எவ்வளவு நேரம் நடக்கவேண்டும் என்றே கூறுகிறது. நாழிகைவழி என்று நம் முன்னோர் தொலைவைக் காலத்தால் அளந்ததை இது நினைவூட்டும். மலைநாட்டில் இரண்டு கிலோமீட்டர் என்பதற்குப் பொருளே இல்லை. சமநிலத்தில் அரைமணியில் முடியும் தொலைவு, செங்குத்தான ஏற்றத்தில் ஒன்றரை மணியும் ஆகலாம். ஏற்றத்தையும் இறக்கத்தையும் கணக்கிட்டு நேரம் குறிக்கப்படுகிறது. சமநிலத்தில் மணிக்கு 4.2 கிலோமீட்டர் என்பது அக்கணக்கின் அடிப்படை. அது ஓட்டப்பந்தய வீரனின் வேகமும் அன்று. தளர்ந்தவனின் வேகமும் அன்று. ஓய்வு நேரம் அதில் சேராது. சிறு குழந்தையோடு செல்பவர் பலகை காட்டும் நேரத்தோடு பாதியேனும் கூட்டிக்கொள்வது அறிவுடைமை. ஏனெனில் குழந்தை நடப்பதோடு நிற்பதில்லை. எறும்பைப் பார்க்கும்; கல்லைப் பொறுக்கும்; ஓடையில் காலை நனைக்கும். அதற்காகத்தானே அழைத்துச் செல்கிறோம்!

தொடங்கி ஐந்தாறு ஆண்டுகளுக்குள் இப்பணிக்கு ஒரு பெருந்தடை வந்தது. 1939இல் இரண்டாம் உலகப் போர் மூண்டது. சுவிட்சர்லாந்து நடுநிலை நாடு. எனினும் பகைவர் படை எந்நேரமும் உட்புகலாம் என்ற அச்சம் நிலவியது. வழி அறியாத மலைநாட்டில் பகைவனுக்கு வழிகாட்டலாகாது அன்றோ? ஆதலால் கைகாட்டிகளைக் கழற்றிவிடுமாறு ஆணை பிறந்தது. எளிய குடும்பங்கள் மலை காண்பதற்காக நட்ட பலகைகள், நாட்டின் பாதுகாப்புக்காக இறக்கப்பட்டன. கைகாட்டி எவ்வளவு ஆற்றல் வாய்ந்த பொருள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா. போர் முடிந்ததும் தொண்டர்கள் பலகைகளை மீண்டும் நட்டனர். மேலும் பல பாதைகளைச் சேர்த்தனர்.

ஆனால் போரைவிடப் பெரிய தடை அமைதிக் காலத்தில் காத்திருந்தது. 1950களிலும் 1960களிலும் நாடு செழித்தது; வண்டிகள் பெருகின; விரைவுச்சாலைகள் எழுந்தன; ஊர்கள் விரிந்தன. மண்பாதைகள் ஒவ்வொன்றாகத் தார்ச்சாலைகளாக மாறின. எவரும் நடைபாதையை வேண்டுமென்று அழிக்கவில்லை. ஒருவர் தம் வயலுக்கு வண்டிவழி வேண்டினார். மற்றொருவர் வீடு கட்டினார். ஊராட்சி சாலையை அகலப்படுத்தியது. தனித்தனியே பார்த்தால் ஒவ்வொன்றும் நியாயமே. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தபோதோ, நடப்பவனுக்கு வழி இல்லை. பொதுச்சொத்து பெரும்பாலும் இவ்வாறுதான் அழிகிறது. கொள்ளையரால் அன்று, கவனிப்பார் இன்மையால்.

சுவிட்சர்லாந்தில் மக்கள் கையொப்பம் திரட்டி அரசியலமைப்பையே திருத்தும்படி கோரலாம். அக்கோரிக்கை நாட்டு மக்கள் அனைவரின் வாக்குக்கு விடப்படும். 1970களில் நடைபாதை அன்பர்கள் இவ்வழியைக் கையாண்டனர். நடைபாதைகளைக் காப்பது அரசின் கடமை என்று அரசியலமைப்பில் எழுதவேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. அதைத் தழுவி நாடாளுமன்றம் வகுத்த திருத்தம் 1979ஆம் ஆண்டு பிப்ரவரி 18ஆம் நாள் வாக்குக்கு வந்தது. அந்நாட்டுப் பெண்கள் கூட்டாட்சித் தேர்தல்களில் வாக்குரிமை பெற்றது 1971இல்தான். ஆகவே, குழந்தையின் கையைப் பிடித்து நடப்பதில் பெரும்பங்கு கொண்ட தாய்மார்களும் இவ்வினாவுக்கு விடை கூறும் வாய்ப்புப் பெற்றிருந்தனர். நூற்றுக்கு 77.6 பேர் ஆம் என்றனர்.

வாக்கெடுப்பின் பயனாக 1985ஆம் ஆண்டில் சட்டம் நிறைவேறி, 1987ஆம் ஆண்டு தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தது. மாணவர்கள் அதன் உட்கருத்தைக் கூர்ந்து நோக்கவேண்டும். ஒவ்வொரு மாநிலமும் தன் நடைபாதைகளை வரைபடத்தில் குறித்துப் பேணவேண்டும். ஒரு பாதை அடைபட்டாலும், துண்டிக்கப்பட்டாலும், வண்டிப் போக்குவரத்து மிகுந்ததாக மாறினாலும், நடப்பதற்கு ஒவ்வாத தளம் அதன் நெடுந்தொலைவுக்குப் போடப்பட்டாலும், அதற்கு ஈடாக வேறு பாதை தரவேண்டும். மலைப்பாதைகளோடு ஊருக்குள் உள்ள நடைவழிகளையும் அச்சட்டம் தழுவுகிறது. வீடுகளையும் குழந்தைப் பள்ளிகளையும் பள்ளிக்கூடங்களையும் பேருந்து நிற்கும் இடங்களையும் இணைக்கும் வழிகள் அவை. மலைக்குச் செல்லும் வழியும் பள்ளிக்குச் செல்லும் வழியும் ஒரே உரிமையின் இரு கிளைகள் என்பதைச் சட்டம் ஏற்றுக்கொண்டது. 2018ஆம் ஆண்டில் மிதிவண்டிப் பாதைகளையும் மக்கள் தம் வாக்கால் இதனோடு சேர்த்தனர்.

இன்று அந்நாட்டில் பாதைகள் மூன்று வகையாகப் பிரிக்கப்பட்டுள்ளன. முழுமஞ்சள் அடையாளம் உள்ளது எளிய பாதை. செங்குத்தான இடத்தில் படிகள் இருக்கும். விழக்கூடிய இடத்தில் கைப்பிடி வேலி இருக்கும். குழந்தைகளோடு செல்லும் குடும்பத்துக்கு உரியது இதுவே. வெள்ளை, சிவப்பு, வெள்ளை என்று பட்டை தீட்டப்பட்டது மலைப்பாதை; அதில் செல்பவருக்கு உறுதியான காலணியும் தடுமாறாத காலும் தலைசுற்றாத தன்மையும் வேண்டும். வெள்ளை, நீலம், வெள்ளைப் பட்டை உடையது உயர்மலைப் பாதை. பனிப்பரப்பும் பாறையும் கடக்கவேண்டிய அது பயிற்சி பெற்றவர்களுக்கே உரியது. எழுத்தறியாச் சிறுவனும் நிறத்தை அறிவான். எங்கே செல்லலாம் என்று கூறுவதோடு, எங்கே செல்லலாகாது என்று கூறுவதும் நல்ல வழிகாட்டியின் கடமை. இப்பலகைகளைச் சரிபார்த்து, சாய்ந்தவற்றை நிமிர்த்தி, மங்கிய வண்ணத்தைப் புதுப்பிப்பவர்களுள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் ஊதியம் பெறாத தொண்டர்கள்.

பாதையே ஒரு நாட்டின் வரலாற்று நூலாகவும் ஆகலாம் என்பதற்கு 1991ஆம் ஆண்டில் அமைந்த 'சுவிட்சர்லாந்துப் பாதை' சான்று. கூட்டாட்சி பிறந்ததாகக் கருதப்படும் 1291ஆம் ஆண்டிலிருந்து எழுநூறு ஆண்டுகள் நிறைந்ததை முன்னிட்டு, ஊரி ஏரியைச் சுற்றி 35 கிலோமீட்டர் நீளத்துக்கு அப்பாதையை அமைத்தனர். தொடக்கம் ரூட்லி என்னும் புல்வெளி. முதல் உடன்படிக்கைக்கு ஆணையிட்ட இடம் என்று மரபு கூறும் இடம் அது. முடிவு புருன்னன் என்னும் ஊர். ஒவ்வொரு மாநிலத்துக்கும் அதன் மக்கள்தொகைக்கு ஏற்பப் பாதையில் பங்கு கிடைத்தது. ஆளுக்கு 5 மில்லிமீட்டர்! பேரூரான சூரிச் உள்ள மாநிலத்துக்கு ஏறக்குறைய ஆறு கிலோமீட்டர். மிகச் சிறிய அப்பென்செல் உட்பகுதிக்கு 70 மீட்டர் அளவே. கூட்டாட்சியில் சேர்ந்த வரிசையிலேயே மாநிலங்கள் பாதையில் இடம்பெறுகின்றன. 1979இல் மாநிலமான யூரா கடைசியில் நிற்கிறது. செல்வனுக்கும் ஏழைக்கும், தாத்தாவுக்கும் தொட்டில் குழந்தைக்கும் அதே 5 மில்லிமீட்டர். சில இடங்களில் படிகள் செங்குத்தானவை. சமநிலப் பகுதிகளும் உண்டு. இடையிடையே படகுத்துறைகள் இருப்பதால், குழந்தை களைத்தால் படகேறித் திரும்பலாம்.

இவ்வரலாற்றில் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. இலங்கையில் 1983இல் மூண்ட உள்நாட்டுப் போரால் இடம்பெயர்ந்த தமிழர்கள் பல்லாயிரவர் சுவிட்சர்லாந்தில் குடியேறினர். அவர்களின் பிள்ளைகள் அந்நாட்டுப் பள்ளிகளில் பயில்கின்றனர். பள்ளிப் பயணத்தில் தோழர்களோடு மலையேறுகின்றனர். அந்த மண்ணில் பிறந்த குடும்பமா, நேற்று வந்த குடும்பமா என்று கைகாட்டி கேட்பதில்லை.

இனி, பாதைகளின் கதை இனிதே முடிந்தது என்று எண்ணிவிடலாகாது. மலை இன்று மாறிக்கொண்டிருக்கிறது. உலகின் வெப்பம் உயர உயர, பாறைகளின் உள்ளே பிணைப்பாக உறைந்திருந்த பனி இளகுகிறது. பாறைகள் பிடிப்பை இழக்கின்றன. 2017ஆம் ஆண்டு ஆகஸ்டு 23ஆம் நாள், கிராபுண்டென் மாநிலத்துப் பொண்டோ ஊருக்கு மேலே உள்ள செங்காலோ மலையிலிருந்து ஏறக்குறைய முப்பது இலட்சம் கன மீட்டர் பாறை சரிந்தது. அப்பள்ளத்தாக்கில் நடந்துகொண்டிருந்த எண்மர் மறைந்தனர்; அவர்கள் உடல்களும் கிடைக்கவில்லை. காண்டர்ஸ்டெக் ஊரில், குடும்பங்கள் விரும்பிச் செல்லும் எஷினன் ஏரியின் அருகே, ஒரு மலைமுனை நகர்ந்துகொண்டிருப்பதைப் பொறியாளர்கள் 2018 முதல் கருவிகளால் அளந்து வருகின்றனர். அதனடியில் செல்லும் பாதைகள் சில மூடப்பட்டன. திறப்பது போலவே மூடுவதும் வழிகாட்டும் பணியாகிவிட்டது. கைகாட்டி என்பது நடப்பவனுக்குக் கொடுத்த வாக்குறுதி; 'இவ்வழியே வா, உன் குழந்தையையும் அழைத்து வா' என்று அது கூறுகிறது. அவ்வாக்குறுதியைக் காப்பது எஸ் காலத்தைவிட இன்று கடினம்.

இளைஞர்களே, மன்னர்களின் போர்களும் உடன்படிக்கைகளும் மட்டுமே வரலாறு என்று எண்ணாதீர்கள். சிறையில் அடைபட்ட ஆறு குருமார், குளத்தில் கல்லெறிந்த ஒருவர், மாணவரோடு நடந்த ஓர் ஆசிரியர், புழுதியில் ஒதுங்கி நின்ற ஒரு வகுப்பு, வாக்குச்சீட்டில் ஆம் என்று எழுதிய இலட்சக்கணக்கான மக்கள் — இவர்களின் வரலாறும் வரலாறே. நாம் நடக்கும் ஒவ்வொரு பாதைக்கும் இத்தகைய கதை இருக்கும். நம் ஊரில் குழந்தை அச்சமின்றி நடக்கத்தக்க வழி எது, அது எவர் உழைப்பால் வந்தது, இன்று அதைப் பேணுபவர் யார் என்று கேட்டுப் பாருங்கள். விடை கிடைத்தால் அதை எழுதி வையுங்கள். விடை கிடைக்காவிட்டால், அந்தப் பாதைக்கு இனி ஒரு காவலர் தேவை என்று அறிந்துகொள்ளுங்கள்.